கார் மாவு அரைக்கிறதா?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர்க் கோவிலுக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை தாண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்தினேனோ இல்லையோ, "கர்ர்ர்..." என்று ஒரு சத்தம்! அரிசியும் உளுந்தும் போடாமல் கிரைண்டரை வெறுமே ஓடவிட்டால் கல்லும் கல்லும் உரசுமே, அதே சத்தம்தான். காலை எடுத்தேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அரைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "உன் காதில்தான் கோளாறு" என்றார் இவர். எதிர் வீட்டு மாமா, காரைப் பார்க்காமலே, "கியர் பாக்ஸ் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம்" என்று தீர்ப்பு வழங்கினார். ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினோம். அங்கேயும், "கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட வேண்டியதுதான்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கும் தலை சுற்றும்!

மனசு கேட்காமல், வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் காரைத் தொடவே இல்லை. "சத்தம் எப்பெப்ப வருதும்மா?" என்று கேட்டார்.

"ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது."

"வண்டி நிக்கும்போது அழுத்தினாலுமா?"

நான் விழித்தேன். அதை யார் கவனித்தார்கள்?

சகோதரிகளே, சூட்சுமம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு என்ன தெரியும்? குழந்தை அழுதால், பால் குடித்த பிறகா, படுக்க வைத்த பிறகா என்று பார்க்கிறோம் அல்லவா? அதே பார்வை காருக்கும் போதும். அவர் சொல்லிக் கொடுத்த சோதனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது: திறந்த வெளியில், எதிரே யாரும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். இஞ்சின் புகை உயிரைக் குடிக்கும். கை பிரேக்கைப் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்துங்கள். நிற்கும்போதே அரைத்தால், குற்றவாளி சக்கரத்தில் இல்லை.

இரண்டாவது: அப்படியே கிளச்சை மிதித்துப் பாருங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸ் பேரிங்கின் மேல் சந்தேகம். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் கிளச் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி அரைத்தால், இஞ்சின் பக்கமோ சைலன்ஸர் பக்கமோ பார்க்க வேண்டும். கிளச் இல்லாத ஆட்டோமாட்டிக் வண்டிக்கு இந்தச் சோதனை கிடையாது.

மூன்றாவது: ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் காலை எடுத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் உறுமல் தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால், சக்கரத்துப் பேரிங்காக இருக்கலாம். வலப்பக்கம் வளையும்போது அது ஓங்கினால் பெரும்பாலும் இடச் சக்கரம். இடப்பக்கம் வளையும்போது ஓங்கினால் வலச் சக்கரம். வளையும்போது பாரம் எதிர்ப்புறம் சாய்கிறதல்லவா?

நான்காவது: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "டக் டக்" என்று கேட்டால், முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டுத் தேய்ந்திருக்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மணல் உள்ளே போயிருக்கும். உறை கிழிந்தவுடனே கவனித்தால் உறையோடு செலவு போயிற்று. விட்டால் தண்டையே மாற்ற வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். என் கார் நின்றபோதும் அரைத்தது. கிளச்சை மிதித்தபோதும் அரைத்தது. "கியர் பாக்ஸ் மேல பழி போடாதீங்கம்மா" என்றார் பெரியவர். வண்டி ஆறும் வரை காத்திருந்து, அதை உயரே தூக்கி, சைலன்ஸர் குழாயின் மேல் கவிந்திருந்த ஒரு தகரத்தைத் தட்டினார். "கர்ர்ர்!" அதே சத்தம்! குழாயின் சூடு மேலே ஏறாமல் தடுப்பதற்காக வைத்த தகடு அது. கடற்காற்றில் போல்ட் துருப்பிடித்து, வேகத்தடையில் ஒரு இடியும் வாங்கி ஆடிக்கொண்டிருந்தது. இஞ்சின் வேகம் எடுக்கும்போதெல்லாம் அது அதிர்ந்து குழாயில் உரசியிருக்கிறது. ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கினார். கூலி? முகூர்த்த நாளில் நாலு முழம் மல்லிகை வாங்கும் காசுதான்!

'அப்படியானால் எல்லாச் சத்தமும் தகரம்தான்' என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். பிரேக் போடும்போது அரைத்தால், கட்டை தேய்ந்து இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம். அதற்கு முன்னாலேயே பல வண்டிகள் "கீச்" என்று கத்தி எச்சரிக்கும். சில சமயம் பிரேக் வட்டுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு கூழாங்கல் சிக்கிக்கொண்டும் அரைக்கும். கல்லா, கட்டையா என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம், உடனே காட்டிவிடுங்கள். சக்கரத்து உறுமலும் அப்படித்தான். பேரிங் முற்றும் தேய்ந்தால் சக்கரமே ஆட ஆரம்பித்துவிடும். ஆயில் விளக்குச் சிவப்பாக எரிந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு அடி ஓட்டக் கூடாது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போகுமுன், நிற்கும்போதா, ஓடும்போதா, வளையும்போதா, பிரேக்கிலா என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருபவரிடம் செல்போனைக் கொடுத்துச் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். 'இறக்கிப் பார்க்க வேண்டும்' என்று யாராவது சொன்னால், 'எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்; சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

அடுப்பங்கரையில் எந்தச் சத்தம் குக்கர், எந்தச் சத்தம் பால் பொங்குவது என்று கூடத்தில் இருந்தபடியே சொல்கிற காது நம் காது. அதை நம்பலாம்.

இவரா? இப்போதெல்லாம் காரில் ஏறியதும், "ஏதாவது கேட்கிறதா பார்" என்று என்னைத்தான் கேட்கிறார்!