சூட்டில் உடையும் அமிலத்தின் பயன்

சேலம், நாமக்கல் சமவெளியில் குச்சிக்கிழங்கு என்றதும் ஜவ்வரிசிதான் நினைவுக்கு வரும். ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து சேகோ ஆலைகளில் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் தெளியவைத்த மாவை மணிகளாக உருட்டி, சூடான தட்டில் வறுக்கிறார்கள். மணியின் மேற்புறம் வெந்து இறுகுகிறது. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்றுத் தரும் இந்த மாவு, குளுக்கோஸ் அலகுகள் கோத்த ஓர் இயற்கைப் பாலிமர். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழகம் தடைசெய்துவிட்ட நிலையில், இந்த மாவிலிருந்தே உறைகள் செய்யலாமே என்று தோன்றுவது இயல்பு. கிளிசரினும் தண்ணீரும் சேர்த்துக் காய்ச்சினால் மாவு படலமாகிவிடும். ஆனால் ஈரம் பட்டதும் ஊறிக் குழைந்துவிடும். அதைத் தடுக்க, மாவின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும். எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் அதைச் செய்யும்.

பாலிமர் தொழிலின் வழக்கமான அளவுகோலில், அதாவது சூடு தாங்குவதில், இது பலவீனமான அமிலம்தான். சுமார் 153 டிகிரி செல்சியஸில் உருகி, 175 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்குகிறது. பெட் பாட்டிலுக்கு மூலமான டெரிப்தாலிக் அமிலமோ 250 டிகிரியைத் தாண்டிய வினைக்கலத்திலும் குலைவதில்லை. அப்படியானால் உறுதியான அமிலத்தையே மாவுக்கும் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். டெரிப்தாலிக் அமிலம் தண்ணீரில் கரைவதே அரிது. அதன் இரண்டு அமிலத் தொகுதிகளும் மூலக்கூறின் எதிரெதிர் முனைகளில் இருக்கின்றன. சிட்ரிக் அமிலத்திலோ மூன்று தொகுதிகள் நெருக்கமாக உள்ளன. சூடேறும்போது அவற்றில் இரண்டு சேர்ந்து ஒரு நீர் மூலக்கூறை இழந்து, வேகமாக வினைபுரியும் வளையமாகின்றன. அந்த வளையம் உடைந்து மாவுச் சங்கிலி ஒன்றைப் பற்றுகிறது. எஞ்சிய தொகுதி அடுத்த சங்கிலியைப் பற்றுகிறது. சூட்டில் உருமாறாத அமிலமாக இருந்தால் இந்தப் பிணைப்பே நிகழாது.

உடைவது நல்லதென்றால் சூட்டை இன்னும் ஏற்றலாமா? கூடாது. வரம்பு மீறினால் அமிலம் மேலும் நீரையும் கரியமில வாயுவையும் இழந்து வேறு பொருள்களாகிவிடும், படலம் பழுப்பேறும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூடேற்றினாலோ, அதே அமிலம் குளுக்கோஸ் சங்கிலியை வெட்டிப் படலத்தை நொறுங்க வைக்கும். ஆகவே முதலில் உலர்த்தி, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். இத்தனை செய்தும் இந்தப் படலம் ஈரத்தைத் தாங்குவதில் பாலித்தீனுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். உலர்பொருள் உறைக்கும் நாற்றுப் பைக்கும் அந்த அளவு வலிமை தேவையும் இல்லை. மாவுச்சத்தை நொதிக்கவைத்துக் கிடைக்கும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் பிளாஸ்டிக் செய்யலாம்; ஆனால் சாதாரண வகை 60 டிகிரியை ஒட்டியே இளகிவிடும், வயல் மண்ணில் எளிதில் மக்கவும் செய்யாது. எனவே ஓர் அமிலத்தைத் தேரும்போது எவ்வளவு சூடு தாங்கும் என்று மட்டும் கேட்பது போதாது. எந்தச் சூட்டில் உடையும், உடைந்து என்னவாகும் என்றும் கேட்க வேண்டும். குச்சிக்கிழங்கு மாவுக்குப் புதிய சந்தை தேடுபவர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்விகள் இவைதான்.