கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ ஏற

ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர், ஆரணி வழியாகச் சென்னைக்குப் போய், கோயம்பேட்டில் இறங்கும் நேயர்களே! ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? ஆட்டோவுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். பேருந்து நிலையத்தை ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது.

மருத்துவமனைக்குச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்க வேண்டும். கவுன்டரில் "சென்ட்ரல்" என்று கேட்டால், கியூஆர் கோடு அச்சிட்ட காகித டிக்கெட் தருவார்கள். கருப்புக் கட்டங்கள் உள்ள பக்கத்தைக் கேட்டிலுள்ள கண்ணாடியில் காட்டுங்கள், கதவு திறக்கும். உள்ளே போனதும் சிலர் அதைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள். இறங்கும் நிலையத்திலும் அதைக் காட்டினால்தான் வெளியே வர முடியும்.

2015 ஜூன் 29 அன்று சென்னை மெட்ரோவின் முதல் ரயில் ஓடியது இந்தக் கோயம்பேடு - ஆலந்தூர் உயர்பாதையில்தான். சென்ட்ரல் போகும் ரயில் கோயம்பேடு தாண்டியதும் மேம்பாலத்திலிருந்து சுரங்கத்துக்குள் இறங்கும், பயப்பட ஒன்றுமில்லை. சென்ட்ரலில் மருத்துவமனைப் பக்கம் போகச் சுரங்கப் பாதையே இருக்கிறது, சாலையைக் கடக்க வேண்டாம். விமான நிலையம் போகிறவர்கள் எதிர்த்திசையில் ஏறி ஆலந்தூரில் ரயில் மாறலாம்.

நகரும் படிக்கட்டில் கால்வைக்கத் தயங்கும் பெரியவர்களை அவசரப்படுத்தாதீர்கள். லிப்ட்டில் அழைத்துப் போங்கள்.