வாசகனுக்குப் போகும் வழி

1908-ல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழ் மீது ராஜத்துரோக வழக்கு பாய்ந்தது. சிறைக்குப் போனவர் அதை எழுதி நடத்திய பாரதி அல்ல. ஆசிரியர் என்று பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன். பாரதி புதுச்சேரிக்குப் போய்விட, சில வாரங்களில் பத்திரிகையும் பின்னாலேயே போனது. பிரெஞ்சுக்காரர் ஊரில் இருக்கும் அச்சகத்தை ஆங்கிலேயப் போலீஸ் தொட முடியாது. ஆனால் சந்தாதாரர்கள் இருந்ததோ எல்லைக்கு இந்தப் பக்கம். தபால் கட்டுகளைப் பிடித்துவைத்தால் கதை முடிந்தது. அப்படித்தான் முடிந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரத் தடை. 1910 மார்ச்சில் இதழே நின்றுபோனது.

வெள்ளைக்காரன் கால வழக்கம் என்று இதை ஒதுக்க முடிந்தால் நிம்மதியாக இருக்கும். அரசியலமைப்பு அமலுக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 1-ல், பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் தன் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு போட்டது சென்னை அரசு. அதே சென்னை! தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். மே 26-ல் வந்த பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி, சென்னையில் வக்கீலாக இருந்த தமிழர். அச்சடிக்கும் உரிமையோடு சேர்ந்ததுதான் அதைப் பரப்பும் உரிமையும் என்று சொல்லித் தடையை ரத்து செய்தார். அடுத்த ஆண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்கு வரம்பு போடும் 19(2)-ல் ‘பொது ஒழுங்கு’ நுழைந்தது. இது நேரு அரசு செய்த வேலை. பழியை வைஸ்ராய்கள் கர்சன், மிண்டோ தலையில் கட்ட முடியாது.

இன்று தபால் கட்டைத் தேடி யாரும் அலைய வேண்டாம். இணையத்தில் வருவதை முடக்க அரசுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது. 2025 பிப்ரவரியில், அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கார்ட்டூனை விகடனின் இணைய இதழ் வெளியிட்டது. சில நாளில் விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும்: சமையல் குறிப்பு, ராசிபலன், சினிமா விமர்சனம் எல்லாம் சேர்த்து. தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழிபோட்ட பத்திரிகை அந்தப் பழைய ‘இந்தியா’தான் என்பது நினைவுக்கு வந்தது.

விகடன் உயர் நீதிமன்றம் போனது. மார்ச்சில் தடையை நீக்கச் சொன்னது நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. வழக்கு நடந்த ஊர், சென்னை.