பூட்டுப் படத்தை நம்பலாமா?

பட்டுச் சேலையின் முந்தானை ஓரத்தில் குஞ்சமாகத் தொங்கும் இழைகளைப் பார்த்திருப்பீர்கள். புதுச் சேலை வீட்டுக்கு வந்ததும் பாட்டி அதில் ஒரே ஓர் இழையை உருவி, தீக்குச்சியில் காட்டி, முகர்ந்து பார்ப்பார். தலைமுடி கருகிய நாற்றம் அடித்தால் பாட்டியின் முகம் மலரும். அது அசல் பட்டு!

பட்டு என்பது புழு உமிழ்ந்த புரதம். நம் தலைமுடியும் புரதமே. ஆகவே இரண்டும் ஒரே மாதிரி நாறுகின்றன. தீயை விலக்கியதும் பட்டு இழை பெரும்பாலும் தானே அணைந்துவிடும். மிஞ்சும் கரிய சாம்பல் விரலில் பொடிந்து போகும். ரேயான் என்னும் செயற்கை இழை மரக்கூழிலிருந்து வருவது. அது காகிதம் எரிவதைப் போல எரியும். பாலியெஸ்டரோ உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக இறுகிவிடும். அதை நசுக்க முடியாது. (பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

இப்போது ஒரு கற்பனை. நீங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துத் தெள்ளாரில் இருக்கிறீர்கள். அக்காவுக்குக் கல்யாணம். அதே மாவட்டத்து ஆரணிப் பட்டின் புகழ் உங்களுக்குத் தெரியும். ஆனால் அக்காவுக்குப் பிடித்த நிறம் கைப்பேசியில் ஓர் இணையக் கடையில் கிடைக்கிறது. விலையும் குறைவு. அப்பா பல மாதங்களாகச் சேர்த்த பணம் அது. சேலையைத் தொட முடியாது, இழையை உருவ முடியாது, திரையைக் கொளுத்திப் பார்க்கவும் முடியாது! ஆனால் பக்கத்தின் அடியில் ஒரு தங்க நிறப் பூட்டுப் படம். அருகே ஒரு கேடயம். அதற்குள் 'பாதுகாப்பானது', 'நம்பகமானது' என்ற எழுத்துகள்.

"முத்திரை எல்லாம் போட்டிருக்கிறான், வாங்கலாம்" என்கிறார் சித்தப்பா.

வாங்கலாமா? அதற்கு முன் ஒரு சோதனை செய்வோம். இதற்குத் தீக்குச்சி வேண்டாம். அந்தக் கேடயப் படத்தின் மீது விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலும் 'படத்தைச் சேமிக்கவா?' என்று கைப்பேசி கேட்கும். சேமியுங்கள். இப்போது அந்த முத்திரை உங்களிடமும் இருக்கிறது. உங்கள் பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் ஒட்டலாம். வீட்டுப் பூனையின் படத்தின் மேலும் ஒட்டலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. நம்மால் முடிந்தது ஏமாற்றுக்காரனால் முடியாதா?

இதை முத்திரை வழங்கும் நிறுவனங்களும் அறியும். அதனால் ஒழுங்கான முத்திரையைத் தொட்டால், அதை வழங்கிய நிறுவனத்தின் சொந்தப் பக்கம் திறக்கும். அங்கே கடையின் பெயர், சான்று எந்த நாள் வரை செல்லும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். தொட்டும் ஒன்றுமே நடக்காத முத்திரை வெறும் ஓவியம்தான். தொட்டதும் திறக்கும் பக்கமும் போலியாக இருக்கலாம். ஆகவே திறந்த பக்கத்தின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்.

சரி, முத்திரை அசலாகவே இருந்தால்? இங்குதான் ஒரு வேடிக்கை. இணைய முத்திரைகளில் பெயர் பெற்ற ஒன்று, அமெரிக்காவில் 1997இல் தோன்றிய ட்ரஸ்ட்-ஈ நிறுவனத்தின் முத்திரை. பென்ஜமின் எடல்மன் என்ற ஆய்வாளர் 2006இல் இந்த முத்திரை பெற்ற தளங்களையும் பெறாத தளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். முத்திரை பெற்றவற்றில்தான் நம்பத் தகாத தளங்களின் விகிதம் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது! ஊரில் பெயர் எடுத்த கடைக்கு முத்திரை எதற்கு? பெயர் இல்லாதவனே அதைத் தேடி ஓடுகிறான். கேட்பவனைச் சரியாகச் சோதிக்காமல் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். 2014இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் இந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. ஆண்டுதோறும் செய்வதாகச் சொன்ன மறுஆய்வை 1,000க்கும் மேற்பட்ட தடவை அது செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. 2 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக் கொண்டார்கள்.

அப்படியானால் ஒட்ட முடியாத, பிய்க்க முடியாத முத்திரை என்று ஒன்று உண்டா? உண்டு. அதைப் புரிந்துகொள்ள, நாம் கற்பனையில் நிற்கும் தெள்ளாறின் பழைய காலத்துக்கே போவோம்.

இது பெரிய போர் நடந்த ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே பாண்டியப் படையை வென்று, 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயர் பெற்றான். அந்தக் காலத்து மன்னர்கள் நிலம் தானம் கொடுத்தால் செப்பேட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பல தகடுகள் இருந்தால் அவற்றில் துளை போட்டு, ஒரு வளையத்தைக் கோப்பார்கள். வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து மூடி, அதன் மேல் அரச முத்திரை. பல்லவர் என்றால் இடபம். சோழர் முத்திரையில் புலி, இரண்டு மீன், வில்.

அந்த அமைப்பைக் கவனியுங்கள். வளையத்தை அறுக்காமல் நடுவே ஒரு தகட்டைச் செருக முடியாது. முத்திரையைக் கழற்றி வேறு பட்டயத்தில் மாட்டவும் முடியாது. முத்திரையும் எழுத்தும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன. நாம் சேமித்த கேடயப் படத்துக்கு இந்தக் கட்டு இல்லை. அதனால்தான் அது எங்கும் ஒட்டிக்கொள்கிறது.

செம்பு வளையம் செய்த வேலையை இன்று எண்கள் செய்கின்றன. இதற்கு வழி காட்டியவர்கள் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர், ஆண்டு 1976. மறு ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர் செய்முறையைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதை ஆர்.எஸ்.ஏ. என்கிறார்கள். காகிதமும் பென்சிலும் எடுங்கள். நாமே ஒரு கையெழுத்துப் போடுவோம்.

ஆரணியில் ஒரு கடைக்காரர் இருக்கிறார் என்போம். அவர் 33, 3 என்ற இரண்டு எண்களை ஊரறியச் சொல்லிவிடுகிறார். இது பொதுச் சாவி. 7 என்ற எண்ணைத் தமக்குள் வைத்துக்கொள்கிறார். இது இரகசியச் சாவி. அவர் அனுப்ப வேண்டிய செய்தி 2 என்ற எண் ('சேலை 2' என்று வைத்துக் கொள்ளுங்கள்). 2ஐ ஏழு தடவை பெருக்குகிறார்: 128. அதை 33ஆல் வகுத்தால் மீதி 29. இந்த 29தான் அவர் கையெழுத்து. 2ஐயும் 29ஐயும் சேர்த்து உங்களுக்கு அனுப்புகிறார்.

நீங்கள் எப்படிச் சரிபார்ப்பது? பொதுச் சாவியில் 3 இருக்கிறதல்லவா? 29ஐ மூன்று தடவை பெருக்குங்கள்: 24,389. அதை 33ஆல் வகுங்கள். மீதி 2. செய்தியும் 2. சரியாக இருக்கிறது! இடையில் ஒருவன் 29 என்ற கையெழுத்தைத் திருடி, '5' என்ற வேறு செய்தியில் ஒட்டினால்? நீங்கள் கணக்குப் போட்டால் மறுபடி 2தான் வரும். 5 வராது. குட்டு வெளிப்பட்டது.

இரகசியமான 7ஐ அவன் கண்டுபிடித்துவிட மாட்டானா? 33 என்பது 3 × 11 என்று தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நடைமுறையில் பயன்படும் எண் 33 அல்ல. அது 617 இலக்கம் கொண்ட எண்ணாக இருக்கும்! இப்படிப்பட்ட எண்களில் இதுவரை காரணிகளாகப் பிரித்துக் காட்டப்பட்ட மிகப் பெரியது 250 இலக்கம் கொண்டது. அதுவும் 2020இல் பல கணினிகள் சேர்ந்து உழைத்த பிறகுதான். வேறு கணித முறைகளிலும் இன்று கையெழுத்திடுகிறார்கள். கருத்து ஒன்றே.

உங்கள் கைப்பேசி உலாவி ஒரு கடையின் தளத்தைத் திறக்கும்போது, இந்தச் சோதனையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறது. தளம் ஒரு சான்றிதழை நீட்டும். 'இந்தப் பொதுச் சாவி இந்தப் பெயருள்ள தளத்துக்கு உரியது' என்று அதில் இருக்கும். சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று அதன் கீழே எண்ணால் கையெழுத்திட்டிருக்கும். எந்தெந்த நிறுவனங்களை நம்புவது என்ற பட்டியல் உங்கள் கருவிக்குள்ளேயே இருக்கிறது. கையெழுத்து பொருந்தினால் தளம் திறக்கும். பொருந்தாவிட்டால் உலாவி எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் அவசரம் நம்மில் பலருக்கு உண்டு. அது வேண்டாம்.

கையெழுத்துப் போடுகிறவர் வீட்டிலேயே திருடன் புகுந்தால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இங்கே சான்றளிக்கும் அமைப்புகளை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டாளர் ஒருவர் உண்டு. அவருக்குக் கீழே தேசியத் தகவலியல் மையமும் சான்றிதழ் வழங்கி வந்தது. 2014 ஜூலை 2ஆம் தேதி கூகுள் பொறியாளர்கள் திடுக்கிட்டார்கள். தாங்கள் கேட்காமலேயே தங்கள் தளப் பெயர்களுக்கு அந்த மையத்தின் வழியாகச் சான்றிதழ்கள் பிறந்திருந்தன! மறு நாளே கட்டுப்பாட்டாளர் மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வழங்கும் முறைக்குள்ளேயே ஊடுருவல் நடந்திருந்தது பின்பு தெரிந்தது. இப்படிப்பட்ட திருட்டுகள் மறைந்து கிடக்கக் கூடாது என்பதற்காக, புதிதாக வழங்கும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று குரோம் உலாவி 2018 முதல் வற்புறுத்துகிறது.

இனி மிக முக்கியமான கேள்வி. இத்தனை சோதனையும் தேறிய தளம் நல்ல தளமா? இல்லை! சான்றிதழ் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: 'இந்தப் பெயருள்ள தளத்தோடுதான் நான் பேசுகிறேனா, நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லையா?' அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் நாணயமானவரா என்று அது சொல்லாது. புகழ் பெற்ற கடையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புதுத் தளம் தொடங்குகிறவனுக்கும் சான்றிதழ் கிடைக்கும். 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. திருடனோடு நீங்கள் பேசுவதை வேறு திருடன் கேட்க மாட்டான், அவ்வளவுதான்.

உலாவியின் முகவரிக் கட்டத்தில் இருந்த பூட்டு இதைத்தான் குறித்தது. 2021இல் கூகுள் நடத்திய ஆய்வில், கலந்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்கே அதன் சரியான பொருள் தெரிந்திருந்தது. மற்றவர்கள் 'பூட்டு இருந்தால் நல்ல கடை' என்றே நினைத்தார்களோ என்னவோ! 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது. அது நல்ல காரியம் என்பேன்.

ஒரு முத்திரை ஒரு கேள்விக்கே பதில் சொல்லும் என்பது பட்டுக்கும் பொருந்தும். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004இல் வந்தது 'சில்க் மார்க்'. இந்தச் சீட்டில் ஹோலோகிராம் உண்டு, தனி எண்ணும் உண்டு. இது சொல்வது 'சுத்தமான பட்டு' என்பதை மட்டும். கையால் நெய்ததா என்று சொல்ல 2006இல் வந்த கைத்தறி முத்திரை வேண்டும். ஆரணியில் நெய்ததா என்ற கேள்விக்குப் புவிசார் குறியீடு. ஆரணிப் பட்டு அந்தக் குறியீட்டைப் பெற்றிருக்கிறது. கண்ட சேலையை ஆரணி என்று சொல்லி விற்றால் வாங்குகிறவர் மட்டுமா ஏமாறுகிறார்? தறிக் குழியில் உட்கார்ந்து நெய்தவரின் கூலியும் அல்லவா அடிபடுகிறது!

ஆனால் இணையக் கடையில் இந்தச் சீட்டுகளின் படம் மட்டுமே தெரியும். படம் என்றால் என்ன ஆகும் என்று விரலை அழுத்திப் பார்த்துவிட்டோமே! ஆகவே சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கடையின் முகவரியை விளம்பரத்திலிருந்து தொடாமல், நாமே தட்டெழுதித் திறப்போம். கடையின் ஊர், தொலைபேசி எண், சரக்கைத் திருப்பி அனுப்பும் விதி எல்லாம் இருக்கின்றனவா என்று பார்ப்போம். சேலையோடு சீட்டும் வருமா, அதன் எண்ணை வழங்கிய அமைப்பிடம் கேட்டுச் சரிபார்க்கலாமா என்று விசாரிப்போம். எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால், அழுதுகொண்டிராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இணைய நிதி மோசடிக்கென்றே உள்ள தேசிய உதவி எண் அது. பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

எல்லாம் நல்லபடி நடந்து சேலை வந்து சேர்ந்ததா? பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். சீட்டின் எண்ணைச் சரிபாருங்கள். பிறகு குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவிப் பாட்டியிடம் கொடுங்கள். தீக்குச்சி அவர் கையில் இருக்கட்டும்.