ஆறாத புண்ணும் அழுத்த அறை ஆக்சிஜனும்

சர்க்கரை நோயாளியின் பாதத்தில் தோன்றும் புண் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்பதற்கு, இரத்தக் குழாய்கள் அடைபட்டு, புதிய திசு வளரவும் வெள்ளணுக்கள் கிருமிகளை அழிக்கவும் வேண்டிய ஆக்சிஜன் அவ்விடத்தைச் சென்றடையாமை முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். இக்குறையை ஈடுசெய்ய முயல்வதே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் என்னும் புரதம் இயல்பான சுவாசத்திலேயே ஏறக்குறைய நிறைந்துவிடுவதால், அதன் வழியே மேலும் ஆக்சிஜனை அனுப்ப இயலாது. ஆனால், அழுத்தம் கூடக்கூட வாயு திரவத்தில் கூடுதலாகக் கரையும் என்னும் இயற்பியல் விதிப்படி, சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சுமார் 0.3 மில்லிலிட்டரே கரைந்திருக்கும் ஆக்சிஜன், மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கையில் 6 மில்லிலிட்டர் வரை உயர்கிறது. சிவப்பணுக்கள் பெரும்பாலும் நீக்கப்பட்ட பன்றிகளும் இவ்வாறு உயிர் பிழைத்திருக்க முடியும் என்பதை நெதர்லாந்து அறுவை மருத்துவர் இட்டே போரெமா 1960இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

புண் சிகிச்சையில் பெரும்பாலும் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தமே பயன்படுகிறது. நோயாளி பருத்தி ஆடை அணிந்து, தீப்பற்றக்கூடிய எண்ணெய், கைப்பேசி போன்றவற்றை வெளியே வைத்துவிட்டு அழுத்த அறைக்குள் சென்று, அழுத்தம் ஏறுகையில் அடைக்கும் காதை எச்சிலை விழுங்கிச் சரிசெய்துகொண்டு, சுமார் 90 நிமிடங்கள் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். பல வாரங்களுக்கு 30 முதல் 40 அமர்வுகள் வரை தொடரும் இச்சிகிச்சை புதிய நுண்குழாய்கள் அரும்பவும் உதவுகிறது. செவிப்பறைக் காயம், தற்காலிகக் கிட்டப்பார்வை, அரிதாக வலிப்பு ஆகியவை இதன் பக்கவிளைவுகளாகும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருப்போருக்கு, அதைச் சரிசெய்யாமல் இச்சிகிச்சை அளிக்கலாகாது.

ஆறாத புண் வலியாலும் தூக்கமின்மையாலும் காலை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்தாலும் மனத்தை வாட்டுவதால், அது ஆறும்போது மனமும் தேறுவது இயல்பே. ஆயினும், மனநலத்துக்கே இது மருந்து என்னும் கூற்று இன்னும் நிறுவப்படவில்லை. தலைக்காயத்துக்குப் பின் தொல்லைகள் நீடித்த அமெரிக்கப் படைவீரரிடையே நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்றோரும் போலி அமர்வு பெற்றோரும் ஒத்த அளவிலேயே தேறினர்.

ஆகவே, சர்க்கரைக் கட்டுப்பாடு, இறந்த திசுவை அகற்றுதல், புண்ணின் மீது உடலின் பாரம் விழாமல் காத்தல், அடைபட்ட குழாயைச் சீரமைத்தல் ஆகிய அடிப்படைச் சிகிச்சைகளுக்குத் துணையாகவே அழுத்த அறையைக் கருதவேண்டும். மனச்சோர்வால் வருந்துவோர் இதை நம்பிக் காலம் கடத்தாமல் மனநல மருத்துவரை நாடுவதே நலம்.