கிராமத்து வீட்டில் அலுவலக வேலை: இன்டர்நெட்டும் சிக்னலும் கைவிடாமல் இருக்க

சென்னையிலும் பெங்களூருவிலும் உள்ள அலுவலகத்தின் வேலையைச் சொந்த ஊரில் இருந்தபடியே பார்க்க முடியும் என்பதை, 2020 மார்ச் 25ல் தொடங்கிய ஊரடங்கு பலருக்குக் காட்டியது. கால் சென்டர் போன்ற பணிகளை வீட்டிலிருந்து செய்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளை, மத்திய தொலைத் தொடர்புத் துறை 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தியது. வயதான பெற்றோரைத் தனியே விட முடியாதவர்களுக்கும், சம்பளத்தில் பெரும்பகுதியை நகரத்து வாடகைக்குக் கொடுத்து வந்தவர்களுக்கும் இது பெரிய வாய்ப்பு.

ஆனால் லேப்டாப் வாங்கினால் மட்டும் போதாது. மீட்டிங்கில் உங்கள் குரல் வெட்டி வெட்டிக் கேட்டால் ஒரு முறை பொறுத்துக் கொள்வார்கள். நான்காவது முறை, "நீங்கள் ஆபீசுக்கே வந்துவிடுங்கள்" என்பார்கள். கிராமத்தில் இருந்து வேலை பார்ப்பவர் ஒரே இணைப்பை நம்பி இருக்கக் கூடாது. அதற்கான வழிகளை இங்கு காணலாம்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

விளம்பரங்களில் வரும் 100 எம்பிபிஎஸ், 300 எம்பிபிஎஸ் எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். இணையம் வழிக் குரல் அழைப்புக்கு 100 கேபிபிஎஸ் அளவே போதும். தெளிவான வீடியோ அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 1.2 எம்பிபிஎஸ் வேண்டும். "ஒவ்வொரு திசையிலும்" என்பதைக் கவனியுங்கள். சினிமா பார்க்க டவுன்லோட் வேகம் இருந்தால் போதும். உங்கள் முகமும் குரலும் அடுத்தவருக்குப் போக அப்லோட் வேகம் வேண்டும். எனவே ஸ்பீட் டெஸ்ட் செய்திடும்போது இரண்டாவது எண்ணையும் பாருங்கள்.

டேட்டா கணக்கும் முக்கியம். மேலே சொன்ன வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்குச் சுமார் 1 ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் திட்டம் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன் பின் பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். அதில் பேச்சு கூடத் திக்கும். அதனால், தேவையில்லாதபோது கேமராவை நிறுத்தி வைக்கவும்.

சிக்னலை எண்ணாகப் பாருங்கள்

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று, அபவுட் போன் பிரிவில் சிம் ஸ்டேட்டஸ் என்பதைத் திறந்தால், சிக்னல் ஸ்ட்ரெங்த் டிபிஎம் அளவில் கிடைக்கும். (சில போன்களில் இது வேறு தலைப்பின் கீழ் இருக்கும்.) இது மைனஸ் எண். 4ஜி இணைப்பில் -85 என இருந்தால் நல்ல சிக்னல். -100 என்றால் சமாளிக்கலாம். -115க்குக் கீழே போனால் வேலைக்கு உதவாது.

கூடம், திண்ணை, மொட்டை மாடி என ஒவ்வோர் இடத்திலும் பாருங்கள். கனமான மண் சுவரும் தகரக் கூரையும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். ஜன்னல் ஓரத்திற்கு மாறினாலே பத்து டிபிஎம் கூடுவது உண்டு.

சிக்னல் முழுதாக இருந்தும் வேகம் இல்லை என்றால், ஒரே டவரை ஊரே பயன்படுத்துகிறது என்று பொருள். காலை 10, மாலை 3, இரவு 8 என மூன்று வேளைகளில் சோதித்துப் பாருங்கள். 5ஜிக்கும் 4ஜிக்கும் போன் மாறி மாறித் தாவினால், செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என அமைத்திடவும். வேகம் சற்றுக் குறைந்தாலும் இணைப்பு நிலையாக இருக்கும்.

முதல் இணைப்பு: பைபர்

பைபர் கேபிள் வரும் ஊர் என்றால் அதுவே முதல் தேர்வு. பிஎஸ்என்எல் பைபர் இணைப்பைப் பல கிராமங்களில் உள்ளூர் கேபிள் டிவி ஆபரேட்டர்களே தருகிறார்கள். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் பைபரில் இணைக்கும் பாரத்நெட் திட்டப் பணி மாநில அரசின் தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனத்திடம் உள்ளது. உங்கள் ஊரில் நிலை என்ன என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இணைப்பு வாங்கும் முன், ஏற்கனவே வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், "கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் சரி செய்கிறார்கள்?" என்று கேளுங்கள். மாத வாடகையைவிட இந்தப் பதில் முக்கியம்.

பழைய லேண்ட்லைன் போன், கரண்ட் போனாலும் வேலை செய்தது. பைபர் மோடத்திற்கு வீட்டு மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால் லேப்டாப் ஓடும், இன்டர்நெட் போய்விடும். ரூட்டருக்கென விற்கப்படும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன், உங்கள் மோடம் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகள் அதனுடன் பொருந்துகின்றனவா எனப் பார்க்கவும்.

இரண்டாவது இணைப்பு: வேறு நிறுவன சிம்

பைபர் அறுந்த நாளில் மொபைல் டேட்டா கை கொடுக்க வேண்டும். உங்களிடம் உள்ள சிம்மின் நிறுவனத்தையே மீண்டும் தேர்ந்தெடுக்காமல், வேறு நிறுவனத்தின் சிம்மை இரண்டாவதாக வைத்திடவும். எதை வாங்குவது என்பதற்கு, 2024ஆம் ஆண்டு டிராய் விதிகளின்படி நிறுவனங்கள் தம் தளங்களில் வெளியிடும் கவரேஜ் மேப் உதவும். ஆனாலும், உறவினர் போனை வாங்கி உங்கள் வீட்டில் வைத்துச் சோதிப்பதே நம்பகமானது.

போனை யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் பிரிவில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினால் இன்டர்நெட் கிடைக்கும். போனும் சார்ஜ் ஆகும். பின்னர் விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் சென்று, அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்‌ஷன் என மாற்றவும். இல்லையேல் விண்டோஸ் அப்டேட் உங்கள் அன்றைய டேட்டாவை விழுங்கிவிடலாம்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லையா?

பைபர் இருந்தும் போன் அழைப்பு வரவில்லை என்றால், போன் செட்டிங்ஸில் வை-பை காலிங் வசதியை இயக்குங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. உங்கள் எண்ணுக்கு வரும் அழைப்பு, டவருக்குப் பதிலாக வீட்டு வை-பை வழியே வரும்.

சிக்னல் பூஸ்டர் என்று விற்கப்படும் கருவிகளை வாங்காதீர்கள். அனுமதியின்றி அவற்றை வைப்பது சட்டப்படி குற்றம். அவை டவருக்கு இடையூறு செய்து, ஊராருக்குக் கிடைக்கும் சிக்னலையும் கெடுக்கும்.

வேலையில் சேரும் முன்பே ஒரு நாள் பைபர் கேபிளைக் கழற்றி வைத்து, இரண்டாவது இணைப்பில் நண்பருடன் அரை மணி நேரம் வீடியோவில் பேசிப் பாருங்கள். தடங்கல் எங்கே என்பது அன்றே தெரிந்துவிடும். சரி செய்யவும் நேரம் இருக்கும்.