17 கட்டிகளிலிருந்து வளர்ந்த சீஸ் பேரரசு

பிரான்சின் மேற்கே லவால் நகரில், 1933 அக்டோபரில் அந்த்ரே பெனியே என்பவர் 35 லிட்டர் பாலைக்கொண்டு 17 கமம்பேர் கட்டிகளைச் செய்து தொடங்கிய சிறுதொழிலே, இன்று உலகின் மிகப்பெரிய பால்பொருள் நிறுவனங்களுள் ஒன்றான லாக்தாலிஸ் ஆகும். கமம்பேர் என்பது, ரென்னெட் என்னும் நொதியால் திரியவைத்த பசும்பாலை வட்ட அச்சுகளில் வார்த்து, நீரை வடியவிட்டு, உப்பிட்டு, மேலே வெண்பூஞ்சை படரும்வரை சில வாரம் முதிரவிடும் மென்மையான சீஸ். கட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் பால் தேவைப்படுவதால், பால் கொள்முதலைக் கைக்குள் வைத்திருப்பவரே இத்தொழிலில் நிலைக்க முடியும்.

1955-இல் பொறுப்பேற்ற மகன் மிஷேல், 1968-இல் 'பிரெசிதான்' என்னும் வணிகப்பெயரை அறிமுகப்படுத்தி, பெருகிவந்த பேரங்காடிகளுக்கேற்ப, சூடாக்கிக் கிருமிநீக்கிய பாலிலிருந்து எப்போதும் ஒரே சுவை தரும் கட்டிகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தார். காய்ச்சாத பாலே கமம்பேரின் உயிர் என வாதிடும், அந்தச் சீஸின் தாயகமான நார்மண்டியின் மரபாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் பின்னாளில் பெரும் பிணக்கு மூண்டது. சுவையை மட்டும் கருதினால், மரபாளர் பக்கமே நியாயம் எனலாம்.

2000-இல் மிஷேல் மறைந்தபின் தலைமையேற்ற அவர் மகன் எம்மானுவேல், 2006-இல் கல்பானி, 2011-இல் பார்மலாத் ஆகிய இத்தாலியப் பால்பொருள் நிறுவனங்களைக் கையகப்படுத்தினார். சென்னைவாசிகள் அறிந்த திருமலா பாலும் 2014-இல் இக்குழுமத்தின் வசமானது. இத்தனைக்கும் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வராமல் குடும்பத்தின் கையிலேயே இருப்பதால், பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் கட்டாயமின்றி நீண்டகால நோக்கில் செயல்பட முடிந்தது. வெளிப்படைத்தன்மை குறைவு என்ற குறையும் அதனாலேயே எழுந்தது. 2017-இல் இந்நிறுவனத்தின் க்ரான் ஆலையில் தயாரான குழந்தைப் பால்மாவில் சால்மோனெல்லா கிருமி கண்டறியப்பட்டு, பல நாடுகளிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டபோது, பொதுவெளியில் முகம் காட்டாத எம்மானுவேலும் நாடாளுமன்ற விசாரணைக் குழுவுக்குப் பதிலளிக்க நேர்ந்தது.